பினாங்கில் வான்கம்பி கட்டியோர்

தமிழ் வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசினர் நிறுவிய நிலையங்களிலிருந்தே தொடங்குவர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் திறக்கப்பெற்றன. ஆயின் கடல் கடந்த பினாங்குத் தீவில் 1934-ஆம் ஆண்டிலேயே தமிழ் வானலையில் ஏறிவிட்டது. ஏற்றியவர் அரசினர் அல்லர். அமெச்சூர் என அழைக்கப்பெற்ற ஆர்வலர்கள்.

சென்னையிலும் கதை இதுவே. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் 1924-இல் கூட்டிய சென்னை மாகாண ரேடியோ சங்கம் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது ஓய, அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அரசு பின்னரே வந்தது.

மலாயாவில் இம்முயற்சிக்கு வித்திட்டவர் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் என்பார். அவர் 1921-இல் வானொலிக் கருவியொன்றைக் கொணர்ந்து, ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை அமைத்தார். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. பினாங்குச் சங்கத்தார் 1934 ஆகஸ்டில் தொடங்கிய நிலையத்தின் அழைப்புக்குறி 'இசட் எச் ஜே' என்பதாகும். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளிலும் அது ஒலிபரப்பியது. ஜார்ஜ் டவுன் தெருக்களில் வழங்கிய மொழிகளையே சங்கத்தார் வானிலும் வழங்கினர். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் பணி தொடங்கியது 1936-இல்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பினாங்கு நிலையம் ஏறத்தாழ 49 மீட்டர் சிற்றலையில் இயங்கிற்று. வெப்ப நாடுகளில் இடி மின்னலால் எழும் இரைச்சல் மத்திய அலையைப் பெரிதும் கெடுக்கும். சிற்றலையோ வானின் மின்மண்டலத்தில் பட்டு மீண்டு, மலையையும் கடலையும் தாண்டித் தொலைவில் இறங்கும். ஆற்றல் குறைந்த சிறு நிலையத்திற்கு அதுவே ஏற்றது.

இந்நிலையம் சந்தித்த கொடுஞ்சோதனை 1941 டிசம்பரில் நேர்ந்தது. அத்திங்கள் 11-ஆம் நாள் சப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு பொழிந்தன. சில நாட்களில் ஆங்கிலேயர் தீவைக் கைவிட்டு, குடிமக்களிற் பெரும்பாலோரை விட்டுச் சென்றனர். அவ்வேளை 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து, பிறருடன் சேர்ந்து நகரின் பொறுப்பை ஏற்றார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை அவரே இறக்கினார். தீவில் படை இல்லை, குண்டு வீசவேண்டா என்னும் செய்தி வானொலி வழியாகவும் அறிவிக்கப்பட்டது. ஆங்கிலேயர் நிலையத்தை அழியாமல் விட்டுப்போனது பெரும்பிழை என்று படைவரலாற்றார் கடிவர். சப்பானியர் அதையே தம் பரப்புரைக்குக் கருவியாக்கினர் என்பதும் உண்மை. எனினும் குண்டுக்கு அஞ்சிக் கிடந்த மக்களின் பக்கம் நின்று பார்ப்பார்க்கு அப்பிழை வேறாகத் தோன்றும்.

போருக்குப்பின் 1946-இல் மலாயா வானொலி அமைந்து, பொது ஒலிபரப்பு அரசின் பணியாயிற்று. ஆர்வலர்க்கோ அவர்க்கென ஒதுக்கிய அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் பேசும் உரிமை எஞ்சியது. தீபகற்பத்தார் '9எம்2' என்னும் குறியுடன் பேசலாயினர். அவர்கட்கு முதற்சிக்கல் இடம். 7 மெகாஹெர்ட்சுக்குரிய அரை அலைக்கம்பியைக் கிடையாகக் கட்ட 20 மீட்டர் நீளம் வேண்டும். நெருங்கிய வீடுகள் நிறைந்த ஜார்ஜ் டவுனில் அதற்கு எங்கே போவது?

அதற்குத் தீர்வாக வந்ததே பல அலைவரிசைக்குரிய நிமிர்கம்பம். கால் அலை உயரமுள்ள கம்பமே போதும்: 7 மெகாஹெர்ட்சுக்குச் சுமார் 10 மீட்டர், 14-க்கு 5, 21-க்கு மூன்றரை, 28-க்கு இரண்டரை. நான்கு கம்பங்களை நடாமல் ஒன்றையே நான்காகப் பயன்படுத்துவது எவ்வாறு? கம்பத்தின் இடையிடையே கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இணைந்த தடைச்சுற்றுகளை வைப்பர். ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணில் கதவை அடைத்தாற்போல் மின்னோட்டத்தைத் தடுக்கும். மேற்பகுதி இல்லாததுபோல் ஆகும். தாழ்ந்த அதிர்வெண்ணிலோ அது வழிவிட, முழுக்கம்பமும் இயங்கும். சுருள்களும் நீளத்தை ஒருவாறு ஈடுசெய்வதால், கம்பம் கணக்கிட்டதினும் குட்டையாக அமையும்.

ஆனால் கம்பம் பாதி வேலையே செய்யும். மறுபாதி அதன் அடியில் சக்கரத்தின் ஆரைகள்போல் பரப்பும் கம்பிகளைச் சார்ந்தது. இதைப் புறக்கணித்து, 'நிமிர்கம்பம் எத்திசையிலும் ஒன்றுபோல் கேளாது' என்று சலித்தவர் பலர். மாடியில் நடுவோர் ஒவ்வோர் அலைவரிசைக்கும் கால் அலை நீளமுள்ள கம்பிகளை அளந்து கட்டவேண்டும். மண்மேல் கிடத்துவோர்க்கு நீளத்தினும் எண்ணிக்கையே முதன்மையாகும். கடலோரத்தார்க்கு இயற்கையே துணை. உப்புநீர் நன்கு மின்கடத்துவதால், அலை அடிவானையொட்டித் தாழ்ந்து புறப்பட்டு நெடுந்தொலைவு செல்லும். அதே உப்புக்காற்று அலுமினிய மூட்டுக்களை அரிக்குமாதலின், அவற்றை ஆண்டுதோறும் கழற்றித் துடைத்தல் வேண்டும். இடிமழை மிகுந்த அத்தீவில், மழை இருட்டியவுடன் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிடுதலும் வேண்டும்.