தீப்பெட்டித் தொழில்: கரிசல் மண்ணில் ஏகபோகமும் போட்டியும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரங்களில் வேரூன்றிய சிறுதொழில். உலகச் சந்தையை வளைத்துப்போட்ட ஒரு சுவீடன் நிறுவனத்தோடு மோதி நிலைத்தது என்பதால் வணிக வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. தொழிற்சாலையை இப்பகுதி மக்கள் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்கிறார்கள்.

அந்தச் சுவீடன் நிறுவனத்தை 1917இல் உருவாக்கியவர் ஈவார் க்ரூகர். பணமுடையில் தவித்த அரசுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்நாட்டுத் தீப்பெட்டி வணிகத்தைத் தனியுரிமையாக எழுதி வாங்கிக்கொள்வது அவர் வழி. ஜெர்மனிக்கு 12.5 கோடி டாலர் கொடுத்துப் பெற்ற தனியுரிமை 1983 வரை நீடித்தது. க்ரூகரோ 1932இலேயே பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தியாவில் கதை வரியில் தொடங்குகிறது. 1922இல் தீப்பெட்டி இறக்குமதி வரி குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்ந்தது. வரிச் சுவருக்கு உள்ளேயே உற்பத்தி செய்துவிடலாம் என்று சுவீடன் நிறுவனம் 1923இல் ‘விம்கோ’வைத் தொடங்கியது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னை என ஆலைகள் எழுந்தன. திருவொற்றியூர்ப் பக்கத்து விம்கோ நகர் அந்தப் பெயரைத் தாங்கியதுதான். அதே சுவரின் நிழலில்தான் சிவகாசியின் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி 1923இல் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனமும் சிறிய போட்டியாளரும் ஒரே வரியின் பிள்ளைகள்!

தொழில் கோவில்பட்டிக்குப் பரவியதற்குக் கரிசல் ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம் பருத்தியும் கம்பும் விளைந்தபின் ஆட்களுக்கு வேலை இல்லை. வறண்ட காற்று, மருந்து முக்கிய குச்சியைக் காயவைக்க உதவியது. மரம் மட்டும் உள்ளூரில் கிடையாது. குச்சி கேரளத்திலிருந்து வந்தது.

இன்னொரு காரணம் தொழிலறிவு பூட்டப்படாமல் இருந்தது. பொட்டாசியம் குளோரேட்டைக் குச்சி முனையிலும் சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும் பூச வேண்டும் என்ற சூத்திரம் எவருடைய தனிச்சொத்தாகவும் இல்லை. ஒரு ஆபீஸில் கணக்கு எழுதியவர் சில ஆண்டுகளில் தனி ஆபீஸ் போட்டுவிடலாம். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைகளிலேயே நடந்தன. மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பதிப்பை வெளியிடும் கட்டற்ற மென்பொருள்போலத் தீப்பெட்டியும் நூறு லேபிள்களாகக் கிளைத்தது. பூட்டில்லாத அறிவை விலைகொடுத்து வாங்கி முடக்க எந்த முதலாளியாலும் முடியாது.

ஆனால் இதைத் தடையற்ற சந்தையின் வெற்றி என்று கொண்டாடுவது பாதி உண்மைதான். தீப்பெட்டிக்கு 1934இல் உற்பத்தி வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஆலையின் அளவையும் இயந்திரப் பயன்பாட்டையும் பார்த்து வரி ஏறி இறங்கியது; சிறியவர்களுக்குக் குறைவு, விம்கோவுக்கு அதிகம். இந்த வகைப்பாட்டை எதிர்த்த மூர்த்தி மேட்ச் ஒர்க்ஸ் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. சலுகைக்காக ஒரே முதலாளி ஆபீஸைப் பல பெயர்களில் துண்டுபோட்டுக் கொள்வதும் நடந்தது.

மலிவு விலைக்குப் பின்னால் குழந்தைகளின் கைகளும் இருந்தன. விடியுமுன் ஊர் ஊராக வந்த ஆபீஸ் பஸ்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டியின் வரலாற்றில் இந்தக் கணக்கை விட்டுவிட முடியாது.

2005இல் விம்கோ ஐடிசி கைக்குப் போனது. தீப்பெட்டியைச் சிறுதொழிலுக்கு ஒதுக்கிய ஏற்பாடு 2015இல் நீங்கியது. அதற்குள் போட்டி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது: கையால் செய்பவர் ஒருபுறம், முழு இயந்திரம் போட்டவர் மறுபுறம். 2017இல் ஜிஎஸ்டி முன்னவருக்கு 5 சதவீதமும் பின்னவருக்கு 18 சதவீதமும் விதித்தது. 2020 ஏப்ரலில் இருவருக்கும் 12 ஆனது. 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயில் நின்ற பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது.

அடுத்த எதிரி பிளாஸ்டிக் லைட்டர். உற்பத்தியாளர்கள் மீண்டும் அரசிடமே போனார்கள். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி 2023 ஜூனில் தடைசெய்யப்பட்டது. உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கும் வழியை அடைக்க, 2024இல் பாகங்களுக்கும் தடை நீண்டது.