ஒரு பவுண்டுக்கு எத்தனை ஷில்லிங்?

போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய டிவிடி பெட்டி கையில் அகப்பட்டது. 'டாக்டர் ஹூ' தொடரின் ஆரம்பக் கதைகள், 2006-ல் வெளியானது. லண்டனுக்கு ஆன்சைட் போய் வந்த நண்பன், சாக்லேட்டுக்குப் பதிலாக எனக்கு வாங்கி வந்தது. இப்போது வீட்டில் டிவிடி ஓட்ட எந்தச் சாதனமும் இல்லை. ஆபீஸில் ஒருவரிடம் டிரைவ் இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி பார்த்தேன். கறுப்பு வெள்ளை, இருபத்தைந்து நிமிஷம் கூட இல்லை. கூடவே பெண்ணும் உட்கார்ந்தாள், ஐந்து நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன், ஓடவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். லண்டன் ஷோர்டிச் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். சூசன் என்று 15 வயதுப் பெண். சரித்திர டீச்சர் பார்பராவுக்கும் அறிவியல் வாத்தியார் ஐயனுக்கும் அவள் ஒரு புதிர். சில விஷயங்களில் வாத்தியார்களுக்கே பாடம் எடுக்கிறாள், சில விஷயங்களில் மூணாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரிந்தது கூடத் தெரியவில்லை. வீட்டு விலாசத்தைத் தேடிக்கொண்டு இருவரும் இரவில் போனால், அங்கே இருப்பது ஒரு காயலான் கடை. அதன் நடுவே தெருவில் நிற்கவேண்டிய போலீஸ் டெலிபோன் பெட்டி. உள்ளே நுழைந்தால் வெளியே தெரிவதைவிடப் பெரிய அறை, ஒரு சிடுமூஞ்சித் தாத்தா. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

நான் ரீவைண்ட் செய்து பார்த்தது அந்த மாய அறையை இல்லை. வகுப்பறைக் காட்சியை. பணக்கணக்கு வருகிறது. ஒரு பவுண்டுக்கு எத்தனை ஷில்லிங் என்பது சூசனுக்குத் தெரியவில்லை, நீங்கள் தசம முறையில் இருப்பதாக நினைத்தேன் என்கிறாள். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. அதை மிரண்டு பார்த்துவிட்டு, ஆமாம், அது இன்னும் வரவில்லை இல்லையா என்று தனக்குத்தானே திருத்திக்கொள்கிறாள். டீச்சர் முகத்தைக் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான். கேமரா டீச்சர் இடத்தில் நிற்கிறது. அந்தப் பெண் நம்மைப் பார்த்துத்தான் விழிக்கிறாள்.

இதை ஏதோ தீர்க்கதரிசனம் மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்கிற கணக்கை மாற்றலாமா என்று ஆராய பிரிட்டிஷ் அரசு 1961-லேயே ஒரு குழு போட்டு, 1963-ல் அதன் அறிக்கையும் வந்துவிட்டது. பேப்பர் படிக்கிறவர் யாரும் எழுதியிருக்கக்கூடிய வசனம்தான். பிரிட்டன் மாறியது 1971 பிப்ரவரி 15-ல். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது வேறு காரணத்துக்கு. இந்தியா 1957 ஏப்ரல் 1-லேயே 16 அணாவை விட்டுவிட்டு 100 நயா பைசாவுக்கு மாறிவிட்டது. அந்தக் காட்சியை இயக்கியவர் லக்னோவில் பிறந்தவர்!

வாரிஸ் ஹுசைன். 1938-ல் பிறந்தவர், பிரிவினைச் சமயத்தில் சின்னப் பையனாகக் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். அம்மா அத்தியா ஹொசைன், லக்னோவைப் பற்றி 'சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்' என்கிற ஆங்கில நாவலை 1961-ல் எழுதியவர். வாரிஸ் கேம்பிரிட்ஜில் படித்து பிபிசியில் சேர்ந்தார். இந்தத் தொடர் கைக்கு வந்தபோது வயது 24. குழந்தைகளுக்கு சனிக்கிழமை சாயங்காலம் போடுகிற படம், அதுவும் முதல் கதையில் கற்கால மனிதர்கள் தோல் கட்டிக்கொண்டு நெருப்புக்காக உறுமவேண்டும். கேம்பிரிட்ஜ் படிப்புக்கு இது தேவையா என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

அவர் மட்டும் இல்லை, அந்தக் கூட்டமே வெளியாள் கூட்டம்தான். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27 வயது, பிபிசி நாடகப் பிரிவில் அப்போது இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர். அவரை உட்காரவைத்த நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் கனடாக்காரர். கதை எழுதிய ஆன்டனி கோபர்ன் ஆஸ்திரேலியர். லைம் குரோவ் என்கிற பழைய ஸ்டுடியோவை இவர்கள் தலையில் கட்டினார்கள். இடநெருக்கடி, விளக்குச் சூடு தாங்காது. செப்டம்பர் 27-ல் எடுத்த முதல் முயற்சியைப் பார்த்துவிட்டு நியூமன், திரும்ப எடுங்கள் என்று சொல்லிவிட்டார். கதவு சரியாக மூடவில்லை, தாத்தா ரொம்பக் கடுகடு. அக்டோபர் 18-ல் மறுபடி எடுத்தார்கள். முதல் முயற்சியும் இந்த டிவிடியில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மேலதிகாரி ஒருவர் திட்டினாலும் இரண்டாவது வாய்ப்பு கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். (நம்ம அப்ரைசல் கதையை இங்கே இழுக்கவேண்டாம்.)

தலைப்பு இசை ரான் கிரெய்னர் எழுதியது. அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷயர், கணிதம் படித்தவர். சிந்தசைஸர் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி ஒட்டி ஒட்டிச் செய்தது. அவர் பெயர் திரையில் வந்தது 2013-ல். அவர் இறந்தது 2001-ல்.

ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23. முந்தின நாள் கென்னடி சுடப்பட்டிருந்தார். 5.15-க்கு வரவேண்டியது 80 விநாடி தாமதமாக வந்தது, 44 லட்சம் பேர் பார்த்தார்கள். சில இடங்களில் கரண்ட் வேறு போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை முதல் அத்தியாயத்தையே திரும்பப் போட்டு, அதன்பின் இரண்டாவதைப் போட்டார்கள்.

சரி, ஷில்லிங்குக்கு வருகிறேன். 2003 நவம்பரில் நான் நொய்டா வந்து இறங்கினேன். ஹிந்தி பிரசார சபாவில் ராஷ்டிரபாஷா வரை பாஸ் செய்தவன், கபீர் தோஹா நாலு மனப்பாடம் என்கிற தெனாவெட்டு. குளிருக்கு ரஜாய் வாங்கப் போனேன். கடைக்காரர் "டாயி சௌ" என்றார். ஏக், தோ, தீன் எல்லாம் தெரியும். இது என்ன டாயி? நூறு ரூபாய் நோட்டு இரண்டை நீட்டினேன். அவர் கையை மடக்கவே இல்லை. இன்னொன்று வைத்தேன், ஐம்பது திரும்பி வந்தது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை, பௌனே என்றால் கால் குறைச்சல். எந்தப் பரீட்சையிலும் இது வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சூசன் முழித்த முழி எனக்கு அத்துப்படி.

இந்த அத்தியாயத்தில் தாத்தா அந்த இரண்டு வாத்தியார்களையும் பார்த்து, சொந்த இடத்தை விட்டு அலைவது எப்படி இருக்கும் என்று யோசித்ததுண்டா என்று கேட்கிறார். சூசனோ இந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்து மாதம்தான் தன் வாழ்க்கையில் சந்தோஷமான நாட்கள் என்று அழுகிறாள். சிரித்த அதே வகுப்பைப் பற்றித்தான் சொல்கிறாள். இந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்து ஒருவரையும் வில்லனாக்காமல் எடுத்திருக்கிறார் வாரிஸ். அவர் சொந்த அனுபவம் இதில் எவ்வளவு என்று நான் கதை கட்டப்போவதில்லை. பிபிசிக்காக 1965-ல் 'எ பாசேஜ் டு இந்தியா'வை இயக்கியவரும் அவர்தான். இந்தத் தொடர் பிறந்த கதையை 2013-ல் பிபிசி படமாக எடுத்தபோது அவர் வேடத்தில் நடித்தவர் சச்சா தவான்.

டேப் விலை அதிகம் என்று பிபிசி அறுபதுகளின் பல அத்தியாயங்களை அழித்துவிட்டது. தொண்ணூற்றுச் சொச்சம் இன்னும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த பிலிம் பிரதிகளால்தான் முதல் அத்தியாயம் பிழைத்தது. ஆனால் 2023 நவம்பரில், 60-ஆம் ஆண்டுக்காக 800-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களை பிபிசி இணையத்தில் ஏற்றியபோது, முதல் கதை மட்டும் அதில் இல்லை. எழுதியவரின் வாரிசோடு உரிமை விஷயத்தில் உடன்பாடு ஆகவில்லை. பெட்டியைக் காயலானுக்குப் போடாமல் வைத்திருந்ததற்கு என் சோம்பலுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

படம் முடிந்ததும் பெண் கேட்டாள்: "அப்பா, அவ கடைசில அவ ஊருக்குத் திரும்பிப் போனாளா?"

போகவில்லை. 1964 டிசம்பர் 26-ல் வந்த அத்தியாயத்தில், இங்கேயே ஒருவனோடு வாழட்டும் என்று தாத்தா வெளியே நிற்கும் பேத்தியை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒருநாள் வருவேன் என்று சொல்லிவிட்டு. 1983-ல் ஒரு விசேஷக் கதையில் இருவரும் சந்தித்தார்கள், ஆனால் தாத்தா வேடத்தில் வேறு நடிகர், ஹார்ட்னல் 1975-லேயே இறந்துவிட்டார். அப்புறம் 2025 மே மாதம் அதே நடிகை, கரோல் ஆன் ஃபோர்ட், சில விநாடிகள் மட்டும் வந்து போனார்.

"பாவம்" என்றாள். பிறகு, "அந்த ஷில்லிங்ல எல்லாரும் ஏன் சிரிச்சாங்க?" என்றாள். டாயி சௌ கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். இங்கேயே பிறந்தவள், அவளுக்கு டாயி தெரியும். ஒண்ணேமுக்கால்தான் தெரியாது.