நாற்காலிக்கு அருகே நின்றவர்

சில மாதங்களுக்கு முன் பல்வலி முற்றி, புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றிருந்தேன். சாய்வு நாற்காலியில் வசதியாகப் படுத்து அண்ணாந்தபோது, அவர் கழுத்தில் பட்டை அணிந்திருப்பதைக் கண்டேன். "பதினெட்டு வருஷம் குனிந்ததற்குக் கிடைத்தது சார்" என்றார். என் வலி தீர்ந்துவிட்டது. அவருடைய வலியின் வரலாற்றைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பல் மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்தியவர் பிரெஞ்சுக்காரரான பியேர் ஃபோஷார். அவருடைய இரு தொகுதி நூல் 1728இல் பாரிசில் வெளிவந்தது. எட்டாண்டுகள் கழித்து, 1736இல், அன்றைய பிரெஞ்சுப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். இருவரும் மறைந்தது 1761இல்.

நோயாளியைத் தரையில் உட்காரவைத்து, அவர் தலையைத் தம் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பல்லைப் பிடுங்குவது அக்காலத்தில் வழக்கத்திலிருந்த ஒரு முறை. ஃபோஷார் இதைக் கண்டித்தார். உறுதியான கைப்பிடி நாற்காலியில் நோயாளியை அமர்த்த வேண்டும் என்றார். நோயாளி தரையிலிருந்து எழுந்து அமர்ந்தார். மருத்துவரோ அருகே நின்றார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தார். 1871இல் அமெரிக்கரான மாரிசன், காலால் மிதித்து இயக்கும் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு காலில் நின்று மறுகாலால் மிதிக்க வேண்டும். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசிதான் நினைவுக்கு வருகிறார்.

தவறான உடல்நிலை நோய் தரும் என்பது அப்போது அறியாத செய்தியன்று. இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700இலேயே தொழில்சார் நோய்களைப் பற்றி நூல் எழுதியிருந்தார். 'எர்கோனாமிக்ஸ்' என்னும் சொல்லைப் போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857இல் ஆக்கினார். பணியை மனிதனுக்குப் பொருந்த அமைக்கும் இயல் இது. ஆயினும் நோயாளி படுக்க, மருத்துவர் அமர்ந்து பணிசெய்யும் முறை 1950களின் இறுதியிலும் 1960களிலும்தான் பரவியது. உதவியாளர் கருவிகளை எடுத்துத்தரும் 'நான்கு கை' முறையும் அதனுடன் வளர்ந்தது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவருக்கு இது வியப்பளித்திராது.

இன்றைய விதிகள் எளியவை. நோயாளியின் வாய் மருத்துவரின் முழங்கை உயரத்தில் இருக்கவேண்டும். கழுத்து இருபது பாகைக்கு மேல் குனியலாகாது. பாதங்கள் தரையில் படிய அமரவேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியும் நேரான விளக்கொளியும் குனிவதைக் குறைக்கும். இரு நோயாளிகளுக்கிடையே எழுந்து தோளையும் முதுகையும் நீட்டவேண்டும். இவ்வளவு தெரிந்தும், பல நாடுகளின் ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் கழுத்து, முதுகு வலியைச் சொல்கிறார்கள்.

காரணத்தை எங்கள் மருத்துவரே சொன்னார்: "உதவிக்கு ஆள் வைத்தால் கட்டணத்தை உயர்த்த வேண்டும். இடைவெளி விட்டால் வெளியே காத்திருப்பவர்கள் கோபிப்பார்கள்."

1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் சுடப்பட்டு உயிரிழந்த ஊர் இது. அந்தப் போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணிநேர வேலை இங்கே சட்டமாயிற்று. உழைக்கும் உடலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஆலை முதலாளிகளிடம் கேட்டுப் பெற்றோம். தனியே மருத்துவமனை நடத்துபவர் அதை யாரிடம் கேட்பார்? வெளியே காத்திருக்கும் நம்மிடம்தான். அடுத்தமுறை அவர் ஐந்து நிமிடம் எழுந்து நின்றால், கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க நாம் பழகவேண்டும்.