இரண்டு பத்திரங்களும் 167 உயிர்களும்

தொழிலிடப் பாதுகாப்பு ஆவணங்கள் யாருக்காக எழுதப்படுகின்றன? நாளை நீதிமன்றத்தில் முதலாளியைக் காப்பதற்காகவா? இன்றிரவு வேலைக்கு வரும் தொழிலாளியைக் காப்பதற்காகவா? வடகடலில் நிகழ்ந்த ஒரு பேரழிவின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவில், கடல் நடுவே நின்றது பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடை. அதனை நடத்தியது ஒக்சிடென்டல் கம்பனி. அங்கு பழுதுபார்க்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் எழுத்து மூலமான அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டும் என்பது விதி.

1988 யூலை 6ஆம் திகதி, எரிதிரவத்தைச் செலுத்தும் இரு பம்பிகளுள் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு ஒரு பத்திரம். அதே பம்பியின் காப்பு வால்வு சோதனைக்காகக் கழற்றப்பட்டது. அதற்கு வேறொரு பத்திரம். மாலைக்குள் வால்வு திரும்பப் பூட்டப்படவில்லை. குழாயின் வாயை ஒரு மூடித்தட்டே மறைத்து நின்றது. ஒரு பத்திரம் மற்றதைச் சுட்டவில்லை. முறை மாறியபோது வால்வைப் பற்றி இரவு முறையினருக்கு எவரும் கூறவுமில்லை.

இரவு 9.45 மணியளவில் மற்றப் பம்பி நின்றுவிட்டது. இரவு முறையினர் அறிந்திருந்தது பராமரிப்புப் பத்திரம் ஒன்றையே. அந்த வேலை இன்னும் தொடங்கப்படாமையால், நிறுத்தப்பட்ட பம்பியை இயக்கலாம் என அவர்கள் கருதினர். மூடித்தட்டின் வழியே கசிந்த வாயு 10 மணியளவில் வெடித்தது. மீட்கச் சென்ற படகினர் இருவர் உட்பட 167 பேர் மாண்டனர்.

இது எதிர்பாராத விபத்தெனக் கூறுவதற்கில்லை. 1987 செப்டம்பரில் அதே மேடையில் ஒரு தொழிலாளி உயிரிழந்தபோதே, அனுமதிப் பத்திர முறையிலும் முறை மாற்றத்தின்போது தகவல் கையளிப்பதிலும் இருந்த குறைகள் வெளிப்பட்டன. கம்பனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது, குறையோ நீங்கவில்லை.

விசாரணை நடத்திய கலன் பிரபு, 1990 நவம்பரில் 106 விதப்புரைகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டார். விதிகள் ஏட்டில் இருந்தன. நடைமுறையில் அவை மீறப்பட்டன. நிர்வாகம் அதனைக் கண்காணிக்கவில்லை என்பதே அவ்வறிக்கை காட்டிய உண்மை. ஆயினும் 167 உயிர்களுக்காகக் கம்பனி மீது குற்றவியல் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

1992இல் வந்த ஒழுங்குவிதிகள், ஆபத்துகள் எவை, அவற்றைக் கட்டுப்படுத்தும் வழி எது என்பதை எழுத்தில் நிறுவும் கடமையை மேடையை நடத்துபவர் மீதே சுமத்தின. இம்மாற்றம் அதிகாரத்தின் கருணையால் மட்டும் விளைந்ததன்று. குறை கூறியவர் மீண்டும் வேலைக்கு அழைக்கப்படாத அச்சச் சூழலில், 1989இலும் 1990இலும் வடகடல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து போராடினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? தெளிவாக எழுதுவதும் சட்டத்தின் முன் நிலைக்குமாறு எழுதுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை எனச் சிலர் கருதுகின்றனர். பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புவோருக்கே அவை முரணானவை. ‘தகுந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்னும் வாசகம் எவரையும் கட்டுப்படுத்தாது, எவரையும் காப்பாற்றாது. ‘வால்வு கழற்றப்பட்டுள்ளது, பம்பியை இயக்கலாகாது’ என எழுதி, நேரமும் பெயரும் ஒப்பமும் இட்டு, பம்பியை இயக்குவோன் பார்க்கும் இடத்தில் வைத்திருந்தால், அது தொழிலாளிக்கு எச்சரிக்கை, நீதிமன்றத்துக்குச் சான்று.

எனவே பாதுகாப்பு ஆவணத்தின் மொழி வெறும் நடைப் பிரச்சினையன்று. உண்மையை அறியும் உரிமை யாருக்கு உண்டு என்னும் பிரச்சினையே அது. ஆவணத்தை வாசிக்கவும், வினவவும், அதில் கண்ட ஆபத்தின் முன் வேலையை நிறுத்தவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். அவ்வுரிமை இல்லாத இடத்தில், எத்துணை அழகாக எழுதப்பட்ட தாளும் பேழைக்குள் உறங்கும் தாளே.