அமல்: அலுவலும் அறமும்

திருநெல்வேலி - தென்காசிச் சாலையில் உள்ள ஆலங்குளத்தில் வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'வட்டாட்சியர்' என்றிருந்தாலும் மக்கள் நாவில் அவர் இன்றும் தாசில்தாரே. 'தஹ்ஸீல்' என்னும் அரபுச் சொல்லுக்குத் திரட்டுதல் என்பது பொருள். 'தார்' பாரசீக விகுதி. ஆக, வரி திரட்டும் பொறுப்புடையவர் தாசில்தார்.

இவ்வகையில் வந்த மற்றொரு சொல் 'அமல்'. அரபியில் இதற்குச் செயல், பணி, அரசுப் பொறுப்பை நிறைவேற்றுதல் எனப் பல பொருளுண்டு. பொறுப்பை ஆற்றுபவர் 'ஆமில்'. வடமொழிவழி வந்த 'அமலன்' என்பதோடு இதற்கு உறவில்லை. பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் 'அமுல்தார்' போன்ற பதவிப் பெயர்கள் தமிழகத்தில் வழங்கின. 1801இல் கர்நாடக ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிய பின்னரும் ஜில்லா, தாலுகா, ஜமாபந்தி, வசூல் ஆகிய சொற்கள் அலுவலகங்களில் நிலைத்துவிட்டன. சட்டம் 'அமலுக்கு வருகிறது' என்று இன்றும் எழுதுகிறோம்.

ஆனால் நம் வீடுகளில் 'அமல்' என்றால் தொழுகை, நோன்பு முதலிய வணக்கங்களே நினைவுக்கு வருகின்றன. ஒரே சொல் அலுவலகத்தில் ஆணையாகவும் பள்ளிவாசலில் வணக்கமாகவும் பிரிந்து நிற்கிறது. மூலத்தில் இப்பிரிவினை இல்லை. திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம், ஸகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் அதனை வசூலிக்கும் ஆமில்களையும் சேர்க்கிறது. அலுவலுக்கு உரிய ஊதியம் அங்கே உறுதி செய்யப்படுகிறது.

ஊதியத்திற்கு மேற்பட்டது எதுவும் அவருக்கு உரியதன்று. பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர், திரும்பி வந்து ஒரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று ஒதுக்கிவைத்தார். பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பதவியால் வருவது அன்பளிப்பாகாது என்பதே அதன் சாரம். ஆமில்களை நியமிக்கும்போதே அவர்களின் சொத்தைக் கணக்கெடுத்த உமர் (ரலி) அவர்களின் நடைமுறையும் இவ்வழிப்பட்டதே.

ஐவேளைத் தொழுதுவிட்டு அலுவலக மேசையில் கைநீட்டுபவர் ஓர் அமலைச் செய்து மற்றோர் அமலைப் பாழாக்குகிறார். நாளை மறுமையில் விரிக்கப்படும் ஏட்டில் இரண்டும் ஒரே பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும்.