ஆண்மை என்ற சொல்லும் நான்கு மாத்திரைகளும்

தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்றோர் ஊர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்டவாளங்களுக்கு இரும்பு வார்த்த ஊர். பிறகு நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஊர். 1990களின் தொடக்கத்தில் இரும்பும் கரியும் ஓய்ந்துபோய், வேலையிழந்த ஆண்கள் மிகுந்த ஊராக அது இருந்தது. ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு புதிய மருந்துகளை உட்கொண்டு பார்க்கும் சோதனைகளுக்கு அங்கே ஆள் கிடைத்தது. ஃபைசர் நிறுவனம் கென்ட் மாவட்டத்துச் சாண்ட்விச்சில் இருந்த தன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, யுகே-92480 என்று எண்ணிட்டு வைத்திருந்த ஒரு வேதிப்பொருள் அவ்வாறுதான் மெர்தருக்கு வந்து சேர்ந்தது. இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கு அது மருந்தாகலாம் என்பது நிறுவனத்தின் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அந்த மருந்து உடலைவிட்டு விரைவாக வெளியேறிவிட்டது; நாளொன்றுக்கு மூன்று வேளை கொடுக்கவேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, நெஞ்சுவலிக்காரர்கள் வழக்கமாக உட்கொள்ளும் நைட்ரேட் மருந்துகளோடு சேர்ந்தால் அது ரத்த அழுத்தத்தை மேலும் கீழே இழுத்தது. இந்த இரண்டு குறைகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் ஒன்று வரமாகவும் மற்றது ஆபத்தாகவும் திரும்பி வரும்.

சோதனையில் பங்குபெற்ற உடல்நலமுள்ள ஆண்களிடம் வழக்கப்படி பக்கவிளைவுகள் பற்றிக் கேட்கப்பட்டது. தலைவலி, அஜீரணம், தசைவலி என்று சொன்னார்கள். கூடவே, குறி விறைப்படைகிறது என்றும் சிலர் சொன்னார்கள். மிச்ச மாத்திரைகளைத் திருப்பித் தர அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றொரு கதையும் உலவுகிறது. சுவையான கதைதான். ஆனால் என்னை நிறுத்தி வைப்பது அதுவன்று. உலைக்களத்திலும் சுரங்கத்திலும் உழைத்த சமூகத்து ஆண்கள், முன்பின் அறியாத ஒரு மருத்துவப் பணியாளரின் முன் அமர்ந்து இதைச் சொன்னார்களே, அதுதான். தலைவலி என்றதோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் யுகே-92480 வேலைக்காகாத இதய மருந்துகளின் அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்கலாம். அதன் இன்றைய பெயர் சில்டெனஃபில். வணிகப் பெயர் வயாகரா. வடமொழியில் புலியைக் குறிக்கும் வியாக்கிரம் என்ற சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்று நம்மவர்கள் சிலர் சொல்வதற்கு ஒலி ஒற்றுமை தவிர வேறு ஆதாரம் இல்லை.

இதற்கு முந்தைய நூறாண்டுகளின் கதை பெரும்பாலும் நம்பிக்கையின் கதை. மொரீஷியஸில் பிறந்து பாரிஸில் புகழ்பெற்ற உடலியலாளர் ப்ரௌன்-செக்கார், 1889 ஜூன் முதல் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில், நாய், சீமைப் பெருச்சாளி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிஞர் சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்திருக்கக்கூடிய ஹார்மோன் மிகச் சொற்பம், திரும்பியது நம்பிக்கையே. 1920-இல் செர்ஜ் வோரனாஃப் குரங்கின் விரைத் துணுக்குகளை மனிதருக்குப் பொருத்தத் தொடங்கினார். அமெரிக்காவின் கன்ஸாஸில் ஜான் பிரிங்க்லி என்பவர் வெள்ளாட்டின் விரைகளை வைத்து, சொந்த வானொலி நிலையத்தில் விளம்பரம் செய்து, பெருஞ்செல்வம் சேர்த்தார்; 1930-இல் அவருடைய மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது. நம் ஊர்ச் சிட்டுக்குருவி லேகியத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்த வெள்ளாடுகளையும் சேர்த்துக்கொள்வது நியாயம்.

பிறகு மனம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்குறைபாட்டில் பெரும்பங்கு மனத்தினால் நேர்வது என்பதே மருத்துவர்களின் பொதுக்கருத்தாக இருந்தது. அச்சம், குற்ற உணர்வு, சிறுவயது நினைவுகள். நோயாளியோடு பேசிப் பார்ப்பது சிகிச்சை. பயனில்லை என்றால் பழியும் நோயாளியின் மனத்துக்கே. 1982-இல் பிரெஞ்சு மருத்துவர் ரோனால்ட் விராக், பாப்பாவரின் என்ற பழைய மருந்தைக் குறிக்குள் செலுத்தினால் விறைப்பு உண்டாகிறது என்று எழுதினார். ரத்தக்குழாய்ச் சுவரின் தசை தளர்ந்தால் போதும் என்பது இதிலிருந்து தெரிந்தது.

தெரிந்ததை நம்பவைக்க ஒருவர் வேண்டியிருந்தது. 1983-இல் லாஸ் வேகாஸில் சிறுநீரகவியல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி பேசினார். வயது ஐம்பதைக் கடந்திருந்தது. தளர்வான விளையாட்டு உடையில் வந்திருந்தார். தம்மீதே செய்துகொண்ட ஊசிச் சோதனைகளின் படங்களை முதலில் திரையில் காட்டினார். சிற்றின்பக் காட்சிகளால் இது நேர்ந்திருக்கும் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக, அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி, மேடையில் உடையைத் தளர்த்தினார். அதோடு நில்லாமல், ஐயமுள்ளவர்கள் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கால்சட்டை கீழிறங்கிய நிலையில் அவையினரை நோக்கி நடந்தார். விருந்துக்கான மாலை உடையில், கணவர்களோடு முன்வரிசையில் அமர்ந்திருந்த பெண்கள் சிலர் அலறிவிட்டார்கள். அன்று அவையிலிருந்த கனடிய மருத்துவர் லாரன்ஸ் க்ளாட்ஸ் 2005-இல் எழுதிய நினைவுக்குறிப்பு வழியாக இந்நிகழ்ச்சி பரவலாக அறியப்பட்டது. பிரிண்ட்லியைக் கோமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனத்தின் நோய் என்று ஒரு தலைமுறையே சொல்லிக்கொண்டிருந்ததை, தம் மானத்தைப் பணயம் வைத்து, உடலின் நோய் என்று அவர் காட்டினார். இதே மனிதர் பார்வையற்றோருக்கான செயற்கைப் பார்வைக் கருவியிலும் முன்னோடி.

ஆயினும் ஒவ்வொரு முறையும் குறியில் ஊசி குத்திக்கொள்ள எத்தனை பேர் உடன்படுவார்கள்? மாத்திரைக்கு ஒரு பாதை வேண்டியிருந்தது. பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூதுப்பொருளை உண்டாக்குகிறது, தசை தளர்கிறது, ரத்தம் நிறைகிறது. அந்தத் தூதுப்பொருளைச் சிதைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர பிடிஇ-5 என்றொரு நொதி இருக்கிறது. சில்டெனஃபில் இந்த நொதியின் கையைக் கட்டிவைக்கிறது. அவ்வளவுதான். தூது புறப்படாவிட்டால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. ஆசை இல்லாத இடத்தில் மாத்திரை ஆசையை உண்டாக்குவதில்லை. லேகியக்காரர்கள் கொடுத்த வாக்குறுதிக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுவே. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்க அரசு இந்த மருந்துக்கு அனுமதி அளித்தது. அதே ஆண்டு, நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்தி சுமப்பதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

இடையில் சொற்களுக்கும் ஒன்று நேர்ந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிவந்த 'இம்பொட்டன்ஸ்' என்ற சொல், திறனற்றவன் என்று மனிதனையே முத்திரை குத்துகிறது என்று 1992 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்கள் கூட்டிய வல்லுநர் குழு கருதியது. விறைப்புக் குறைபாடு என்ற பொருள்தரும் தொடரைப் பரிந்துரைத்தது. ஆளைவிட்டு உறுப்புக்குப் பெயர் மாறியது. அந்தப் பழைய சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் தன்னடக்கம் இன்மை என்ற பொருளும் உண்டு என்பது வேடிக்கை. தமிழிலோ நாம் இன்னும் ஆண்மைக்குறைவு என்றுதான் எழுதுகிறோம். வள்ளுவர் பேராண்மை என்ற சொல்லைப் பிறன் மனைவியை நோக்காத குணத்துக்கு வைத்தார். அதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் கடைசி வரிசையிலிருந்து அடக்கிய சிரிப்பொன்று கேட்கும். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்பட்ட வைத்தியர் விளம்பரங்கள் அச்சொல்லுக்குச் செய்துவைத்த காரியம் அது. இத்தகைய விளம்பரங்களைத் தடைசெய்ய 1954-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதைச் சுவர்கள் அறியா.

2003-இல் சில்டெனஃபிலுக்கு அமெரிக்காவில் இரண்டு போட்டிகள் வந்தன. ஆகஸ்டில் பேயர் நிறுவனத்தின் வார்டெனஃபில் அனுமதி பெற்றது. சோதனைக்குழாயில் இது வீரியம் கூடியது. ஆகவே மில்லிகிராம் குறைவு. உடலில் சென்று செய்யும் வேலையிலும் நீடிக்கும் நேரத்திலும் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ளவேண்டும். நாலைந்து மணி நேரம் பயன் நிற்கும். கொழுப்பு மிகுந்த விருந்துச் சாப்பாடு இரண்டையும் தாமதப்படுத்தும். சில்டெனஃபில் விழித்திரையிலுள்ள பிடிஇ-6 என்ற உறவுக்கார நொதியையும் சற்றுத் தொடுவதால் சிலருக்கு உலகம் நீலம் பூத்துத் தெரியும். வார்டெனஃபிலில் இதயத் துடிப்பின் ஒழுங்கு பற்றிய எச்சரிக்கை கூடுதல்.

நவம்பரில் வந்த டடாலஃபில் வேறு ஜாதி. கிளாக்ஸோவோடு சேர்ந்து இதைத் தொடங்கிய ஐகாஸ் என்ற சிறு நிறுவனத்தைக் கிளாக்ஸோ பாதி வழியில் விட்டுவிட்டது. பின்னர் லில்லி நிறுவனம் கைகொடுத்தது. இதன் அரை ஆயுள் பதினேழரை மணி நேரம். பயன் முப்பத்தாறு மணி நேரம் வரை. சாப்பாடு தடையில்லை. முதுகுவலியும் தசைவலியும் இதன் தனிச்சொத்து. வெள்ளிக்கிழமை மாலை விழுங்கினால் ஞாயிறு காலை வரை என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் வார இறுதி மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். 2008-இல் நாள்தோறும் சிறு அளவில் உட்கொள்ளும் முறைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2012-இல் வந்த அவனஃபில் கால்மணி முதல் அரைமணி நேரத்துக்குள் வேலை தொடங்கும் என்பதே அதன் பெருமை.

ஆக, நொதி ஒன்று, நான்கும் பயனளிக்கும் விதத்தில் ஏறத்தாழச் சமம், வேறுபடுவது காலம். ஆனால் காலம் அற்பமன்று. சில்டெனஃபில், ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஆசையைத் திட்டமிடச் சொல்கிறது. கடிகாரம் படுக்கையறைக்குள் வந்துவிடுகிறது. எது பிடித்தது என்று கேட்ட ஆய்வுகளில் டடாலஃபிலைத் தேர்ந்தவர்களே அதிகம் என்பதற்கு வேதியியலைவிட இதுவே காரணமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நெஞ்சுவலி மருந்தாக இருந்தபோது குறையாகக் கருதப்பட்ட குறுகிய ஆயுள் இங்கே பாதி வரம். விரைவில் நீங்கிவிடுவது, ஏதேனும் தவறு நேர்ந்தால் நல்லது. நெடுநேரம் தங்குவது, நெடுநேரம் தங்கும் ஆபத்தும்கூட.

அந்த ஆபத்துதான் நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டாவது குறை. டைனமைட்டில் உள்ள நைட்ரோகிளிசரினைச் சிறு அளவில் கொடுத்தால் நெஞ்சுவலி தணியும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. இறுதி ஆண்டுகளில் ஆல்ஃப்ரட் நோபலுக்கே மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள்; விதியின் கேலி இது என்று அவர் நண்பருக்கு எழுதினார். நைட்ரோகிளிசரினும், நம் வீடுகளில் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட்டும் உடலில் தருவது அதே நைட்ரிக் ஆக்சைடைத்தான். ஒன்று தூதர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மற்றது தூதர்களைத் திருப்பியழைக்கும் நொதியைக் கட்டிவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சில்டெனஃபில் உண்டு 24 மணி நேரமும் டடாலஃபில் உண்டு 48 மணி நேரமும் நைட்ரேட் கூடாது என்பது விதி. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வரும் மனிதர், மாலையில் விழுங்கியதைப் பற்றி மனைவியின் முன் வாய்திறக்காவிட்டால், மருத்துவர் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் நைட்ரேட்டே எமனாகிவிடும். குறியின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. ஆகவே அடைப்பு பலருக்கு முதலில் அங்கேதான் தெரிகிறது, இதயத்தில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. வெட்கத்தினால் மறைக்கப்படுவது பல நேரங்களில் மாரடைப்பின் முன்னறிவிப்பு.

மறைப்பதற்கு வசதியான சந்தையும் உருவாயிற்று. இந்தியாவில் 2005 வரை மருந்துப் பொருளுக்கே காப்புரிமை இல்லாததால் ரான்பாக்ஸியின் கவர்ட்டா போன்ற மலிவான சில்டெனஃபில்கள் இங்கே விரைவில் வந்துவிட்டன. அது பலருக்கு நன்மை என்றே நான் கருதுகிறேன். ஆனால் இவை மருத்துவர் சீட்டோடு விற்கப்படவேண்டியவை, சீட்டுக்கு வாய்திறக்கவேண்டும். வாய்திறக்க விரும்பாதவர்கள் மூலிகை என்று பெயர் சூட்டிய பொட்டலங்களை நாடுகிறார்கள். இயற்கைச் சத்துப்பொருள்கள் என்று விற்கப்பட்ட பலவற்றில், உறையில் சொல்லாமல் சில்டெனஃபிலோ டடாலஃபிலோ கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மீண்டும் மீண்டும் கண்டு எச்சரித்திருக்கிறது. நைட்ரேட் உண்ணும் முதியவர், ஆங்கில மருந்து ஆகாது என்று அஞ்சி லேகியத்தை வாங்கி, எதற்கு அஞ்சினாரோ அதையே உண்கிறார். எவ்வளவு உண்கிறார் என்பதை விற்றவனும் அறியான்.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்தது. கள்ளச்சந்தைக்குப் போகிறவர்களைத் திருப்ப, 50 மில்லிகிராம் சில்டெனஃபிலை மருத்துவர் சீட்டில்லாமல் மருந்துக்கடையிலேயே விற்க 2017 நவம்பரில் அனுமதித்தது. 2018 வசந்தத்தில் அது கடைகளுக்கு வந்தது. ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. மருந்தாளுநர் வாடிக்கையாளரிடம் உடல்நிலையை விசாரிக்கவேண்டும்; விரும்பினால் தனியறைக்கு அழைத்துச் சென்றும் கேட்கலாம். அந்தக் கேள்விகளில் தவறாமல் இடம்பெறுவது ஒன்று: நெஞ்சுவலிக்கு ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?