மூன்று ரூபாய் அபராதம்

அத்திப்பட்டிலிருந்து ரயிலேறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்குவோர்க்கு, உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள் தொலைவிலேயே புலப்படும். அக்கட்டடம் 1892ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபொழுது, அம்மன்றத்து நீதிபதிகளுள் ஒருவராய் விளங்கியவர் திருவாரூர் முத்துசாமி அய்யர்.

அவர் 1832ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் வறிய குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, மாதம் ஒரு ரூபாய் சம்பளத்திற்குக் கிராமக் கணக்கரிடம் உதவியாளாக அமர்ந்தார். சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு படிக்க வழிசெய்தவர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். அவர் இல்லையேல் அய்யர் கணக்கெழுதியே முதிர்ந்திருப்பார். தெருவிளக்கொளியில் அவர் படித்த கதையைச் சொல்லாத ஆசிரியர் இலர். யானும் பலமுறை சொன்னவனே. எனினும், அவரை அறிவதற்கு அதனினும் ஏற்றதொரு செய்தி உண்டு.

சென்னையில் அவர் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்த காலம். அத்துமீறி நுழைந்ததாகக் கூறி உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தம்மை அடித்துவிட்டார் என இந்தியர் ஒருவர் முறையிட்டார். அய்யர் சம்மன் அனுப்பினார். நீதிபதி நேரில் வரவேண்டுவதில்லை என்று தலைமை மாஜிஸ்திரேட் தெரிவித்தார். அய்யர் இசையவில்லை, நேரில் வரச்செய்தே விசாரித்து, மூன்று ரூபாய் அபராதம் விதித்தார்.

மாணவர்களே, தொகை சிறிதென்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில், தம்மினும் மிக உயர்ந்த பதவியிலிருந்த ஒருவரை, முறையிட்ட எளியவனுக்கு எதிரே நிற்கவைத்தார் ஓர் இந்திய அதிகாரி. தம் எதிர்காலம் என்னாகும் என்ற அச்சம் அவர்க்குத் தோன்றாதிருந்திருக்குமா? தோன்றினும் விசாரணை நடந்தேறியது.

மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே பி.எல். பட்டமும் பெற்றார். 1878இல் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் சென்னை மாகாண இந்தியர் அவரே. பதவியிலும் ஊதியத்திலும் ஐரோப்பியரோடு சமமாக இந்தியரை வைத்தலாகாதென்று ‘மெட்ராஸ் மெயில்’ எழுதியது. அதற்கு விடையிறுக்க இந்தியர் கையில் தக்க பத்திரிகை இல்லை. ஆகவே திருவல்லிக்கேணியில் இளைஞர் அறுவர் ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் எண்பது படிகள் அச்சிட்டனர். அந்த வார இதழே ‘தி ஹிந்து’.

அய்யர் 1893இல் சில மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரியில், நீதிபதியாக இருக்கையிலேயே காலமானார். அவரது சலவைக்கற் சிலை இன்றும் உயர்நீதிமன்றத்தில் இருக்கின்றது.